வலி ஒரு இடம், காரணம் வேறு இடம்: பிசியோதெரபி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மணிக்கட்டு வலித்தால் மணிக்கட்டில் தைலம் தேய்க்கிறோம். முட்டி வலித்தால் முட்டியில் பிளாஸ்டர் ஒட்டுகிறோம். ரெண்டு நாள் நல்லா இருக்கும், மூணாவது நாள் ஷிஃப்டில் அதே வலி திரும்பவும் வந்து நிற்கும். வலி தெரிகிற இடமும் வலி பிறக்கிற இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கெடா, கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. 1996-இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பத் தொழிற்பூங்கா. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் இங்கே இருக்கின்றன. கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் அம்மா குனிந்து பால் மரம் வெட்டியவர், அப்பா அண்ணாந்து பார்த்துச் செம்பனைக் குலை வெட்டியவர், மகள் மைக்ரோஸ்கோப் முன்னால் கழுத்தைச் சாய்த்துச் சில்லுகளைச் சோதிப்பவர் என்று இருக்கலாம். வேலை மாறிவிட்டது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வது மட்டும் மாறவில்லை.

முதல் கேள்வி: "என்ன வேலை செய்றீங்க?"

பிசியோதெரபி என்றால் மசாஜ், சூடு, கரண்ட் வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு வருவது. இயன்முறை சிகிச்சையாளர் முதலில் செய்வது விசாரணை.

வலி எப்போது தொடங்கியது? எந்த அசைவில் கூடுகிறது? காலையில் எப்படி, ஷிஃப்ட் முடியும்போது எப்படி? ஆஃப் டேயில் குறையுதா? மூன்று நாள் எம்.சி எடுத்தபோது வலி போய், வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வந்துவிட்டதா? கடைசிக் கேள்விக்கு "ஆமா" என்று பதில் வந்தால், காரணம் வேலை மேசையில் இருக்கலாம் என்பதற்கு அது வலுவான தடயம்.

இந்த யோசனை புதிதல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் என்ன என்பதையும் மருத்துவர்கள் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். நாள் முழுதும் எழுதும் எழுத்தர்களின் கை வலியைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் எம்.சி வாங்கும் அவசரத்தில் விட்டுப்போகிற கேள்வி இதுதான்.

ஒரே மணிக்கட்டு, மூன்று காரணங்கள்

சோதனைப் பிரிவில் வேலை செய்யும் மூன்று பேருக்கு வலது கை வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவருக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி வரை மரத்துப்போகிறது. இரவில் எழுந்து கையை உதறினால்தான் நிம்மதி. இது மணிக்கட்டின் குறுகிய பாதையில் மீடியன் நரம்பு அழுத்தப்படும் கார்ப்பல் டனல் பிரச்சினையாக இருக்கலாம். மணிக்கட்டை முழுதாக மடக்கி ஒரு நிமிடம் வரை வைத்திருக்கும் ஃபாலன் சோதனையில் மரத்துப்போதல் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டாமவருக்கு மரத்துப்போவதே இல்லை. கட்டைவிரல் பக்கம் மட்டும் சுருக்கென்று வலி. பொருளைப் பிடித்துத் தூக்கினால் கூடுகிறது. இங்கே சந்தேகம் கட்டைவிரலை அசைக்கும் தசைநாண்கள் மீதும் அவற்றின் உறை மீதும் போகும்.

மூன்றாமவருக்கும் கட்டைவிரல் பக்கம்தான் தொந்தரவு. ஆனால் மணிக்கட்டை எப்படி அசைத்தாலும் மாற்றமில்லை. கழுத்தைப் பின்னால் சாய்த்து வலப்பக்கம் திருப்பினால் கை முழுக்க மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறது. இவருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையே வெளியே வரும் நரம்பு உரசப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இவர் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டு என்ன பயன்?

அதனால்தான் வலிக்கிற மூட்டோடு சேர்த்து, அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டுகளையும் பரிசோதிக்கிறார்கள். முட்டி வலியும் அப்படித்தான். தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டு தேய்ந்திருந்தால், சிலருக்கு வலி முட்டியில் மட்டுமே தெரியும். முட்டி எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இருக்காது. காலை இடுப்பிலிருந்து உள்பக்கம் திருப்பும்போது அதே வலி கிளம்பினால், குற்றவாளி மேலே இருக்கிறான் என்று அர்த்தம்.

தசையா, மூட்டா? கண்டுபிடிக்கும் வழி

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் சிரியாக்ஸ் 20-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது. ஒரே மூட்டை மூன்று விதமாகச் சோதிப்பதுதான் அது.

ஒன்று, நீங்களே அசைப்பது. இரண்டு, நீங்கள் தளர்ந்திருக்க, சிகிச்சையாளர் அசைப்பது. மூன்று, மூட்டு அசையாமல், அவர் கையை எதிர்த்து நீங்கள் தள்ளுவது. எதிர்த்துத் தள்ளும்போது மட்டும் வலித்தால் தசை அல்லது தசைநாண் மீது சந்தேகம் வரும். மற்றவர் அசைத்தாலும் வலித்து, அசைவும் குறைந்திருந்தால் மூட்டு அல்லது அதன் உறை மீது சந்தேகம் வரும்.

தோள் இதற்கு நல்ல உதாரணம். கையை நீங்களாகத் தூக்க முடியவில்லை, ஆனால் அவர் தூக்கினால் மேலே போகிறது என்றால், தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களில் கோளாறு இருக்கலாம். யார் தூக்கினாலும் போகவில்லை, கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை என்றால், அது உறைந்த தோளாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு உறைந்த தோள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அதனால் "தோள் தூக்க முடியல" என்று வருபவரிடம் சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்பது நியாயமான கேள்விதான்.

"ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிடுமே?"

எப்போதும் இல்லை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-இல் ஒரு மீளாய்வு வெளியானது. அதன்படி, வலியில்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பு வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. அதாவது, படத்தில் தேய்மானம் தெரிந்தால் மட்டும் அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. படம் சொல்வதும் பரிசோதனை சொல்வதும் பொருந்த வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு: மறுபரிசோதனை. சந்தேகப்பட்ட இடத்துக்குச் சிகிச்சையோ பயிற்சியோ கொடுத்துவிட்டு, முதலில் வலித்த அதே அசைவை மீண்டும் செய்யச் சொல்வார்கள். சில வாரங்கள் முறையாகப் பயிற்சி செய்தும் மாற்றமே இல்லையென்றால், முதல் கணிப்பை மறுபடி யோசிக்க வேண்டும். "மறுபடியும் பார்த்தீங்களா?" என்று நீங்களும் கேட்கலாம், தப்பில்லை.

போகும்போது என்ன கொண்டுபோகலாம்?

ஒரு வாரக் குறிப்பு போதும். எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எந்த நேரத்தில் வலி தொடங்கியது, ஆஃப் டேயில் எப்படி இருந்தது. தூய அறைக்குள் கைத்தொலைபேசியில் படம் எடுக்கப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. அதனால் வேலையைச் சிகிச்சை அறையில் நடித்துக் காட்டுங்கள். நாற்காலி எவ்வளவு உயரம், கை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று அவர் நேரில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபி பெற, வழக்கமாக டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டுப் பாருங்கள். தனியார் மையத்துக்குப் போனால், 2016 துணைச் சுகாதாரத் தொழில்துறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.

காரணம் வேலையிடம் என்றால்?

இங்கேதான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். "சொன்னா ஓட்டி போயிடும், கான்ட்ராக்ட் நீட்டிக்க மாட்டாங்க" என்ற பயம் உண்மையானது. ஆனால் நாற்காலியின் உயரம் மாறாமல், கழுத்துக்கு மட்டும் பயிற்சி செய்தால் வலி திரும்பத் திரும்ப வரும்.

சட்டம் இதில் தொழிலாளர் பக்கம் நிற்கிறது. திருத்தப்பட்ட 1994 தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. வேலையிட ஆபத்துகளை மதிப்பிடுவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. இந்தச் சட்டத்தை அமலாக்கும் ஜேகேகேபி, உடல் நிலை, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் ஆகியவற்றை மதிப்பிட 2017-இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. வலி எங்கே என்று தொழிலாளரே குறிக்கும் படிவமும் அதில் உண்டு. பாதுகாப்பு அதிகாரியிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.

அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனலும், திரும்பத் திரும்ப அசைப்பதால் வரும் மணிக்கட்டுத் தசைநாண் அழற்சியும் இடம்பெற்றுள்ளன. வேலையால் வந்தது என்று மருத்துவர் கருதினால், நம்ம ஆட்கள் சொக்சோ என்று சொல்லும் பெர்கேசோவிடம் கோரிக்கை வைக்க வழி இருக்கிறது. அதற்குக் கிளினிக் அட்டையில் உங்கள் வேலை என்ன என்பது முதல் நாளிலிருந்தே எழுதப்பட்டிருந்தால் நல்லது.

எப்போது நேராக மருத்துவமனை?

சில வலிகளுக்குப் பிசியோதெரபி அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது:

• நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு இடது கை அல்லது தாடையில் வலி.
• முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, அல்லது தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது.
• காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்குவது.
• கை அல்லது கால் திடீரென்று பலமிழப்பது.

காரணமில்லாமல் எடை குறைந்து, இரவில் ஓய்விலும் விடாத வலி இருந்தாலும் சீக்கிரம் டாக்டரைப் பாருங்கள். காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இறுகிக் கிடந்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் தேவைப்படும்.

மற்றபடி, பனடோல் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், எம்.சி கொஞ்ச நாள் ஓய்வு தரும். வலி எங்கிருந்து வருகிறது என்று ரெண்டுமே சொல்லாது. அடுத்த முறை டாக்டரோ சிகிச்சையாளரோ கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்: "நான் செய்ற வேலை இது, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்."