பொதுப் பந்தி

புலால் உண்போர் சைவ உணவகத்தின் படியேறுவது இன்று வியப்பன்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வழிநடையில் பசித்த முஸ்லிம் குடும்பத்தினர், இறைச்சி ஹலாலானதுதானா என்று ஐயுறும் வேளையில் நாடுவது இட்லி, தோசை கிடைக்கும் அந்த மேசையைத்தான். ஆனால், அம்மேசை எல்லோருக்கும் எளிதாகக் கிட்டியதன்று.

அன்றைய சென்னை மாகாணத்தில் பந்தியைப் பிரித்தது உணவு மட்டுமன்று, பிறப்பும்தான். இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கெனத் தனியிடம் இருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின், 1941-இல் அது ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, சமயத்தையோ சாதியையோ காட்டி எவரையும் உணவு விடுதியில் தடுக்கலாகாது என்று விதித்தது. ஆயினும் பெயர்ப்பலகைகள் உடனே மாறவில்லை. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரி, 1957-இல் பெரியார் மறியல் தொடங்கினார். தொண்டர்கள் நாள்தோறும் சிறை சென்றனர். 1958-இல் அச்சொல் அகன்றது.

மேற்குப் புறநகரில் ஆலைகள் பெருகியபோது, பல ஊரார், பல சமயத்தார் அங்கு வந்து குடியேறினர். அவர்கள் உணவகங்களில் அருகருகே அமர்ந்து உண்டது, இப்போராட்டங்கள் திறந்துவிட்ட வழியில்தான்.

அடுத்த முறை அங்கு அமரும்போது, இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாக!