கொழுந்து நிறுத்த நேரம்

1979ஆம் ஆண்டு தொழிற்சங்கச் செய்தியொன்றுக்காக இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணொருவர் வாய் கோணிச் சரிந்தார். கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி நால்வர் சுமந்து இறங்கினர். லொறி தேடிப் பிடித்து வைத்தியசாலையை அடைந்தபோது மாலையாகிவிட்டது. எத்தனை மணிக்கு விழுந்தார் என்று மருத்துவர் கேட்டார். "காலைக் கொழுந்து நிறுத்த பொறகுங்க ஐயா" என்றார் கணவர்.

உண்மையில், அன்று அக்கேள்வியால் அவருக்குப் பெரிய பயன் விளைந்திராது. பாரிசவாதத்தில் மூளையின் குருதிக்குழாயை அடைக்கும் கட்டியைக் கரைப்பதற்கு, நிரூபிக்கப்பட்ட மருந்து அப்போது கொழும்பிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை.

அந்தக் கேள்விக்கு உயிர் வந்தது 1995 டிசம்பரில். அமெரிக்காவில் 624 நோயாளரிடம் நடந்த சோதனையின் முடிவு அப்போது வெளியாயிற்று. மூன்று மணித்தியாலத்துக்குள் டி.பி.ஏ. என்ற மருந்து ஏற்றப்பட்டவர்கள், ஊனமின்றியோ சிற்றூனத்துடனோ மீளும் வாய்ப்பு, போலி மருந்து பெற்றவர்களைவிடக் குறைந்தது 30 வீதம் அதிகமாயிருந்தது. ஆபத்தும் இருந்தது: மருந்து பெற்றோரில் 6.4 வீதத்தினருக்கு மூளையில் இரத்தம் கசிந்து நிலை மோசமாயிற்று. மற்றவர்களில் அது 0.6 வீதமே. ஆகவே, ஏற்கனவே கசிவு இல்லையென்று ஸ்கான் செய்து உறுதிப்படுத்திய பின்னரே ஊசி. 2008இல் ஓர் ஐரோப்பியச் சோதனை கெடுவை நான்கரை மணித்தியாலமாக நீட்டியது.

நான்கரை மணித்தியாலம்! மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வாகனம் பிடித்து, ஸ்கான் இருக்கும் நகரை அடைய வேண்டும். பிரட்டையும் கொழுந்து நிறுவையையும் கொண்டு நேரம் கணித்த சமூகத்திடம் நிமிடக் கணக்கும் கேட்கப்படும்.

அதனால்தான் இலங்கையிலேயே நடந்த இன்னொரு சோதனை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் சிட்னியின் ஜோர்ஜ் நிறுவனத்தினரும் 2016, 2017ஆம் ஆண்டுகளில் நமது 11 வைத்தியசாலைகளில் 700 பேரைச் சேர்த்தனர். பாரிசவாதத்தின் முதற் காரணி உயர் இரத்த அழுத்தம். அதற்கான மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிப் பாதிப்பேருக்குக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தில் அழுத்தம் இலக்குக்குள் வந்தவர்கள் முன்னவரில் 70 வீதம், பின்னவரில் 55 வீதம். 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை இதை வெளியிட்டது.

சோதனை அளந்தது இரத்த அழுத்தத்தையே. எத்தனை பாரிசவாதம் தடுக்கப்பட்டதென்று அது கணக்கிடவில்லை. இதை மறைத்து எழுதுவது பத்திரிகைக்காரனுக்கு அழகல்ல. எனினும் ஒரே குளிசையின் அருமையை நான் கண்ட இடம் வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண்ணின் மகளை அதே லயத்தில் சந்தித்தேன். அவருக்கும் பிரஷர். கிளினிக்கில் கொடுத்த மூன்று காகித உறைகள் சாமிப்படத்தின் பின்னால் இருந்தன. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும். அதனால் ஒரு மாதத்துக் குளிசையை இரண்டு மாதத்துக்கு இழுக்கிறார். மூன்றில் எதை விட்டால் பரவாயில்லை என்று என்னைக் கேட்டார். எதையும் விடவேண்டாம் என்றேன். தாயார் வலக்கை விளங்காமல் ஆறு வருடம் கிடந்தது அந்தக் காம்பறாவில்தான்.