அஞ்சல் மணியிலிருந்து வாட்ஸ்அப் மணி வரை



வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் முதலில் போவது தூக்கம். அடுத்தது சிநேகிதம். தூக்கம் ஆறு மாசத்தில் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். சிநேகிதம் வருமா என்பதுதான் கேள்வி. நான் பி.காம். படித்த பாங்க் ஆசாமி, எதையும் வரவு செலவாகப் பார்த்தே பழக்கம். எங்கள் ஊர் திருவனந்தபுரத்தின் பழைய கணக்கைப் புரட்டினால் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்தமாகவே ஒரு தபால் இலாகா இருந்தது. பெயர் 'அஞ்சல்'. கையில் மணி கட்டிய கோலோடு அஞ்சல்காரர் ஓடி வருவார். 1888-ல் சங்கு முத்திரையோடு ஸ்டாம்ப் வந்தது. விலை சக்கரத்தில். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். நாகர்கோவிலும் அப்போது திருவிதாங்கூர்தான் (1956 நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது). அதனால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அஞ்சல் போதும். பக்கத்தில் இருக்கிற திருநெல்வேலிக்கு எழுத பிரிட்டிஷ் தபால் வேண்டும்! 1951-ல் இந்தியத் தபால் இலாகாவோடு அஞ்சல் கலந்துவிட்டது. இலாகா போனாலும், தமிழில் நாம் இன்றைக்கும் 'அஞ்சல்' என்றுதான் எழுதுகிறோம்.

1935 அக்டோபரில் டாட்டா விமானம் பம்பாயிலிருந்து தபாலோடு திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. அன்று கடிதம் மேலே பறந்தது. எழுபதுகளில் ஆட்களே பறக்க ஆரம்பித்தார்கள், வளைகுடாவுக்கு. மனைவியும் கைக்குழந்தையும் இங்கே, புருஷன் அங்கே. எஸ்.ஏ. ஜமீல் எழுதிய 'துபாய் கத்து பாட்டு' அந்தக் காலத்தில்தான் காஸெட்டில் வீடு வீடாக ஒலித்தது. ஊரில் தனியாக இருக்கும் மனைவி துபாய்க் கணவனுக்கு எழுதும் கடிதம்தான் பாட்டு. உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து 1993-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே மையத்தின் கே.சி. சக்கரியாவும் இருதய ராஜனும் 1998-ல் எடுத்த கணக்குப்படி கேரளத்திலிருந்து வெளிநாடு போயிருந்தவர்கள் ஏறக்குறைய 13.6 லட்சம். 2015-ல் தமிழ்நாட்டுக்கும் இதே மாதிரி ஒரு சர்வே நடந்தது. வந்த எண்ணிக்கை சுமார் 22 லட்சம். ஆக, இது நம் எல்லோருடைய கதையும்தான்.

அந்தக் கடிதங்களை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். மெல்லிசான நீலத்தாள், ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுத்து. ஊருக்கு வருகிற யாராவது ஒருவர் பெட்டியில் பத்து வீட்டுக் கடிதம் இருக்கும். கூடவே பேசிப் பதிந்த காஸெட்டும் வரும். வந்த கடிதத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், தெருவே கேட்கும். கடைசி வரியில் "இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று நாலைந்து பெயர். அந்த நாலைந்து பேர்தான் சிநேகிதர்கள். அவர்களுக்கென்று தனி ஸ்டாம்ப் கிடையாது, குடும்பக் கடிதத்திலேயே இலவசப் பயணம்!

பிறகு எஸ்.டி.டி. பூத் வந்தது. கண் முன்னால் மீட்டர் ஓடும். ஐ.எஸ்.டி. என்றால் இன்னும் வேகமாக ஓடும். அம்மா, அப்பா, மனைவியோடு பேசவே காசு போதாது. 1990 ஆகஸ்டில் குவைத்தை ஈராக் பிடித்தபோது அதுவும் அறுந்தது. சேதி வராமல் வாசலில் காத்திருந்த வீடுகள் எத்தனையோ. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏர் இந்தியா கொண்டு வந்து சேர்த்தது. 2002-ல் வி.எஸ்.என்.எல்.-லின் ஏகபோகம் முடிந்தது, கட்டணம் சரிந்தது. 2003-ல் ஸ்கைப், 2009-ல் வாட்ஸ்அப். பேச்சு கிட்டத்தட்ட இலவசம்.

சரி, இலவசமான பிறகு சிநேகிதம் பெருகியிருக்க வேண்டுமே? நான் இருக்கும் மஸ்கட்டில் இளம் தம்பதிகளிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது. ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் நாகர்கோவில் பையனின் மனைவிக்கு இப்போது நாலு மாசக் கைக்குழந்தை. "அண்ணா, போனில் முன்னூறு பேர் இருக்காங்க. பேசறதுக்கு ஒரு கை காலியா இல்லை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. ஊரில் என்றால் பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். இருபத்தெட்டாம் நாள் சடங்குக்குப் பள்ளிக்கூடத் தோழிகள் தாங்களாகவே வருவார்கள், குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். இவள் சாப்பிடுவாள். அவ்வளவுதான் சிநேகிதம்!

என் கணக்கு இதுதான். அந்தக் காலத்தில் தட்டுப்பாடு காசுக்கு. அதனால் ஒரு கடிதம் பத்துப் பேருக்குப் போனது. இந்தக் காலத்தில் தட்டுப்பாடு தாயின் நேரத்துக்கு. ஆனால் நாம் பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் பதில் எதிர்பார்க்கிறோம். நீலக் குறி விழுந்தும் பதில் இல்லையே என்று கோபித்துக்கொள்கிறோம். கடிதத்துக்குப் பதில் வர ஒரு மாசம் பொறுத்த ஜனங்கள்தானே நாம்?

அதனால் பழைய வழிகளையே திரும்ப எடுக்கலாம் என்பேன். குழந்தை மடியில் தூங்கும்போது ஐந்து நிமிஷம் பேசிப் பதிந்து ஒரே ஒரு தோழிக்கு அனுப்புங்கள், பழைய காஸெட் மாதிரி. மற்றவர்களுக்கு அவள் சொல்லட்டும். ஊரில் இருக்கும் சிநேகிதர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்போ பேசலாம்?" என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் மழை பெய்ததை, சாலைக் கடைத்தெருவில் யாரைப் பார்த்தீர்கள் என்பதைச் சும்மா அனுப்புங்கள். கடைசியில் "பதில் வேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள். ராத்திரி மூணு மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு அவள் அதைக் கேட்பாள்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு சொல். வாரத்துக்கு ஒரு மணி நேரம் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். போனை அவள் கையில் கொடுங்கள். பழைய ஐ.எஸ்.டி. கட்டணத்தோடு பார்த்தால் இது ரொம்ப மலிவு, ஐயா :-)