இன்னாரோடு இன்னார்

ஊர் பேசுவதற்குத் தமிழில் இரண்டு பழைய பெயர்கள் உண்டு. அம்பல், அலர். இரண்டும் ஒன்றல்ல. வாய் திறந்து சொல்லாமல், கண்ணாலும் உதட்டுச் சுழிப்பாலும் சிலருக்குள் மட்டும் புழங்குவது அம்பல். அது மொட்டு. மொட்டு விரிந்து, இன்ன ஆணோடு இன்ன பெண்ணுக்கு இப்படி என்று ஊரறியப் பெயர் சொல்லிப் பேசும்போது அது அலர். இறையனார் அகப்பொருள் உரைகாரர் இந்த வேறுபாட்டை நுணுக்கமாகச் சொல்கிறார். மொட்டுக்கும் பூவுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்: பெயர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அகப்பாட்டில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. புலவர்கள் அந்த விதிக்குக் கட்டுப்பட்டார்கள். அந்தப் பாட்டுக்குள் வருகிற ஊர் கட்டுப்படவில்லை. தலைவியின் பெயர் நமக்குத் தெரியாது, அவளுடைய தெருவுக்குத் தெரியும்.

நற்றிணையில் ஒரு பாட்டு. தெருப்பெண்கள் கடைக்கண்ணால் பார்க்கிறார்கள், மூக்கின் மேல் விரல் வைக்கிறார்கள். விஷயம் தாயின் காதுக்குப் போகிறது. தாய் கோலெடுத்து அடிக்கிறாள். பேசுகிறவர்களும் பெண்கள், அடிக்கிறவளும் பெண், அடிபடுகிறவளும் பெண். அந்த வீட்டின் மானத்துக்கு உரிமையாளன் யாரோ அவன் மட்டும் காட்சியில் இல்லை. ஊர்வாய் என்றாலே பெண்வாய் என்று நாம் நம்பத் தொடங்கியது இங்கேயிருந்துதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். குறளில் 'அலர் அறிவுறுத்தல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் தொடக்கத்தில் பேசும் தலைவனுக்கு அலர் பெரிய துன்பமாக இல்லை. ஊர் பேசுவதால் காதல் உறுதிப்படுகிறது என்று அவன் உள்ளுக்குள் மகிழ்கிறான். அவன் மகிழலாம். அவனுக்குக் கோலடி இல்லை.

எங்கள் தாமிரபரணிக் கரையில் இதற்குப் பெயர் புறணி. "புறணி பேசியே பொழுதைக் கழிப்பாளுவ" என்று ஆண்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பொழுதில் அந்தப் பெண்கள் ஆளுக்கு ஆயிரம் பீடி சுற்றியிருப்பார்கள். எங்கள் தெருவில் மத்தியானத்துக்கு மேல் நாலு வீட்டுப் பெண்கள் ஒரு திண்ணையில் கூடுவார்கள். மடியில் தட்டு, தட்டில் தூளும் வெட்டிய இலையும். கை ஓயாது, வாயும் ஓயாது. அங்கே என்ன பேசினார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் காதல் விவகாரம் பத்தில் ஒன்றுகூடத் தேறாது. இலை மட்டமாக வந்திருக்கிறது, ஏஜெண்டு பீடியைக் கழித்துத் தள்ளுகிறான், இன்னாரிடம் வட்டிக்கு வாங்காதே, அரசாங்க ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை பெண் டாக்டர் இருப்பார், எவன் குடித்துவிட்டு அடிக்கிறான். இவற்றோடு தணிந்த குரலில் இன்னொன்றும் வரும்: "ஏளா, அந்த வாத்தியார் வீட்டுக்குப் பிள்ளையத் தனியா அனுப்பாத."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். போலீஸ் போகாத இடத்தில், புகார் எழுத முடியாத இடத்தில், அதுதான் ஒரே எச்சரிக்கை. அது பெயர் சொல்லும் பேச்சுதான், ஆனால் அதில் வரும் பெயர் ஆணின் பெயர். 2018 அக்டோபரில் சின்மயி பேசியபோது பலர் முதலில் கேட்ட கேள்வி, இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்பது. சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். திண்ணையில், ஒப்பனை அறையில், விடுதி மாடியில், பெண்களுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சொல் முதல் தடவையாக ஆண்களின் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

திண்ணையில் வானொலியும் இருக்கும். இலங்கை வானொலியின் பாட்டு எங்கள் பக்கம் தெளிவாகக் கேட்கும். பாட்டைக் காட்டிலும் ஆவலோடு கேட்டது பாட்டுக்கு முன்னால் வாசிக்கப்பட்ட பெயர்களைத்தான். விரும்பிக் கேட்டவர்கள் என்று ஊர்ப் பெயரோடு ஆள் பெயரும் வரும். என் சித்தி ஒருமுறை அஞ்சலட்டை போட்டாள். பெயர் வந்தது. கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்த தன் பெயரைக் கேட்டு அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் தாத்தா வீட்டுக்கு வந்து, "பொம்பளப் பிள்ள பேரு ரேடியோவுல வருது, ஊருல கேக்கான்" என்று கத்தினார். பாட்டில் ஆபாசம் எதுவும் இல்லை. ஒரு குடும்பப் பாட்டு. பிரச்சினை பாட்டில் இல்லை, அவளாகவே தன் பெயரை வெளியே அனுப்பியதில் இருந்தது. அதற்குப் பிறகு அவள் தம்பி பெயரில் எழுதினாள். எத்தனை அண்ணன் தம்பிகளின் பெயர்களில் எத்தனை பெண்களின் விருப்பப் பாடல்கள் ஒலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே ஊரில், பெண் தானாக அனுப்பாத பெயர் தினமும் அச்சில் வந்துகொண்டிருந்தது.

1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தந்தி' தமிழ் நாளிதழின் மொழியை மாற்றியது. சிறிய வாக்கியம், பேச்சுக்கு நெருக்கமான சொல், டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தால் பத்துப் பேருக்குப் புரியும் நடை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களை வாசகர்களாக்கிய பெருமை அதற்கு உண்டு. என் ஆச்சியும் அப்படித்தான் படித்தாள், பலசரக்குக் கடைப் பொட்டலத் தாளில். ஆனால் அதன் வழியில் வந்த நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் பெண்ணுக்கென்றே ஒரு தனி அகராதி உருவானது. இளம்பெண் மாயம். மாணவி ஓட்டம். உல்லாசமாக இருந்தனர். அழகிகள் கைது. இந்த 'அழகி' என்ற சொல்லைப் பாருங்கள். விடுதியில் சோதனை நடக்கிறது, பிடிபட்ட பெண்களெல்லாம் ஒரே இரவில் அழகிகளாகிவிடுகிறார்கள். உடன் இருந்த ஆண்களுக்கு அப்படி ஒரு சொல்லும் இல்லை, பெரும்பாலும் பெயரும் இல்லை. பிறகு 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவன் அவன், அழிந்ததாகச் சொல்லப்படுவது இவளுடைய ஏதோ ஒன்று. பெண்ணியவாதிகள் வருடக்கணக்கில் சண்டையிட்டுத்தான் அந்த இடத்தில் பாலியல் வல்லுறவு, பாலியல் வன்கொடுமை என்ற சொற்கள் வந்தன. இன்றும் சில தலைப்புகளில் பழைய சொல் எட்டிப்பார்க்கிறது.

எல்லாவற்றையும்விட நீண்ட ஆயுள் 'கள்ளக்காதல்' என்ற சொல்லுக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு 1860இல் எழுதப்பட்டது. பிறன் மனைவியோடு உறவு கொண்ட ஆணை அது தண்டித்தது. கணவன் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை என்றது. மனைவிக்குத் தண்டனை இல்லை. கணவன் உறவு வைத்திருந்தால் அவன் மேல் வழக்குப் போடவும் அவளுக்கு வழியில்லை. பொருள் களவு போனால் பொருளின் சொந்தக்காரன்தானே புகார் கொடுக்க வேண்டும்? 2018 செப்டம்பர் 27 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. சட்டத்திலிருந்து களவு போய்விட்டது, செய்தித் தலைப்பிலிருந்து போகவில்லை. கொலைச் செய்திகளில் அந்தச் சொல் செய்யும் வேலை இன்னும் மோசமானது. மனைவியை வெட்டியவனின் செய்திக்கு 'கள்ளக்காதல் தகராறு' என்று தலைப்பு வைத்தவுடன் வாசகன் பாதி விசாரணையை முடித்துவிடுகிறான்.

எங்கள் தெருவில் ஒரு பெண் கணவன் அடி தாங்காமல் இறந்துபோனாள். மறுநாள் ஒரு நாளிதழில் அந்தச் சொல்லோடு செய்தி வந்தது. அப்படி ஒன்று இல்லை என்று தெருவுக்கே தெரியும். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள், யார் புறணி பேசுகிறவர்கள் என்று சொல்லப்பட்டதோ அதே பெண்கள், அந்தத் தாளை மடித்து இலைக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அவளுடைய மகள் அந்தச் செய்தியோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.

மஞ்சள் பத்திரிகை வரலாறு என்றால் எல்லோரும் லட்சுமிகாந்தன் வழக்கைச் சொல்வார்கள். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று திரையுலகினரின் அந்தரங்கத்தை எழுதி விற்றவர் சி. என். லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947இல் விடுதலையானார்கள். பாகவதரின் வீழ்ச்சி பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பத்திரிகைகளுக்குச் சரக்காக இருந்த நடிகைகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட கட்டுரை என் கண்ணில் படவில்லை. எழுதியவனின் கதையும் எழுதப்பட்ட ஆண்களின் கதையும் வரலாறாகிவிட்டன. விற்கப்பட்ட பெண்களின் கதை இன்னும் அம்பலாகவே இருக்கிறது.

பெயரைக் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது 1983இல். மதுரா வழக்கில் காவலர்களை உச்சநீதிமன்றம் 1978இல் விடுவித்தது. அதை எதிர்த்து 1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாக வந்த திருத்தங்களில் ஒன்று 228ஏ. பாலியல் வல்லுறவுக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். அகப்பாட்டின் பழைய விதி சட்டப் புத்தகத்தில் ஏறியது போல எனக்குத் தோன்றும்.

ஆனால் பெயரை வைத்திருப்பது யார்? 2019இல் பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன்னால் சொன்னார், அரசாணையிலும் அது அச்சானது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஐந்து வருடம் கழித்து 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி புகார் கொடுத்தபோது முதல் தகவல் அறிக்கையே வெளியே வந்து கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. மறுபடி உயர்நீதிமன்றம், மறுபடி 25 லட்சம். அலர் தூற்றியது தெருப்பெண்கள் அல்ல. இரண்டு வழக்கிலும் குற்றவாளிகள் 2025இல் தண்டனை பெற்றார்கள். பொள்ளாச்சியில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை. பயந்து புகார் கொடுக்காமல் விட்ட பெண்கள் எத்தனை பேர் என்பது எந்தத் தீர்ப்பிலும் வராது.

பெயரை மறைப்பதே எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. உள்ளூர்ப் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கும். 'காதல் ஜோடி போலீசில் தஞ்சம்.' கழுத்தில் மாலை, பின்னால் கண்காணிப்பாளர் அலுவலகச் சுவர், இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. செய்தியில் சாதி இருக்காது, 'வெவ்வேறு சமூகம்' என்று இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண் வேண்டுமென்றே படத்துக்கு நிற்கிறாள். நாளைக்கு நான் செத்தால் யார் கொன்றார்கள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்பதற்காக நிற்கிறாள். அலரையே கேடயமாகப் பிடிக்கிறாள். அதே படம் தேடி வருகிறவர்களுக்கு வழிகாட்டியும் ஆகலாம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரும் கௌசல்யாவும் வெட்டப்பட்டது பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, கேமரா பதிவுக்கு முன்னால். அந்தப் பதிவை நாடே பார்த்தது. பிழைத்து வந்து சாட்சி சொன்ன கௌசல்யா பிறகு மறுமணம் செய்துகொண்டபோது, அவருக்காக அழுதவர்களிலும் சிலர் எப்படி வாழவேண்டும் என்று அவருக்கே பாடம் எடுத்தார்கள்.

இப்போது எங்கள் ஊருக்கு இரண்டு வாட்ஸ்அப் குழுக்கள். ஒன்று ஊர்ப் பெயரில் இருக்கிறது. நிர்வாகிகள் ஐந்து பேரும் ஆண்கள். கோயில் கொடை வரி, மின்தடை, இரங்கல், நடுவில் காலை வணக்கம், யாராவது பெண் வீட்டைவிட்டுப் போனால் அவளுடைய பள்ளிக்கூடப் படம். இன்னொன்று மகளிர் சுயஉதவிக் குழுவினுடையது. அதில் இருபதுக்கும் மேல் பெண்கள். ஒருவர்கூடத் தன் முகத்தை முகப்பில் வைக்கவில்லை. ரோஜாப்பூ, முத்தாரம்மன், பேரன், சினேகா. சேமித்த பெயர்களும் இன்னார் அம்மா, இன்னார் வீடு. 2016இல் சேலம் மாவட்டத்தில் மாற்றி ஒட்டப்பட்ட படங்களால் ஓர் இளம்பெண் உயிரை விட்ட செய்தி இந்தப் பெண்களுக்குத் தெரியும். முத்தாரம்மன் பக்தி மட்டுமல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு கரையுடைத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கைப்பேசிக் கோபுரங்கள் உயிரோடு இருந்த நேரங்களில் அந்த மகளிர் குழுவில்தான் செய்தி ஓடியது. முதல் தடவையாக அதில் பெண்களின் முழுப் பெயர்கள் வந்தன. எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, மாடியில் நிற்கிறார்களா, எண் என்ன. கணவன் பெயரோ பிள்ளை பெயரோ இல்லாமல் அவரவர் பெயரில். படகு கொண்டு வந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் அனுப்பப்பட்டது. எங்கள் தெருவில் ஓர் உயிரும் போகவில்லை.

பட்டியல் அங்கிருந்து ஊர்க் குழுவுக்குப் போனது, ஊர்க் குழுவிலிருந்து எங்கெங்கோ போனது. தண்ணீர் வடிந்த மறுவாரம் ராத்திரிகளில் அந்த எண்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. எடுத்தால் பேச்சு இல்லை, அல்லது பேசக் கூடாத பேச்சு. குழுவில் யாரும் இதை எழுதவில்லை. திண்ணையில்தான் தெரிந்தது. மைனி ஒருத்தி மட்டும் அந்த எண்களை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மூன்றில் ஒன்று உள்ளூர் எண். யாருடையது என்று கண்டுபிடித்து, பீடிக்கடையில் கணக்குப் போடும் நேரத்தில், ஏஜெண்டும் பத்துப் பதினைந்து பெண்களும் நிற்கும்போது, அவன் பெயரைச் சொல்லி உரக்கக் கேட்டாள்: "ஏம்டே, ராத்திரி ரெண்டு மணிக்கு உனக்கு எங்கிட்ட என்ன சோலி?"