வீடியோ கோச்சிலிருந்து இன்னோவா கூரை வரை

எங்கள் கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் நம்மூர்த் தம்பி ஒருவர் பழைய இன்னோவா ஒன்று வாங்கியிருக்கிறார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு காரிலேயே ஊருக்குப் போகத் திட்டம். புனேயிலிருந்து திருநெல்வேலி சுமார் 1,400 கிலோமீட்டர். "சார், பின்னாடி பிள்ளைங்களுக்குக் கூரையில ஒரு ஸ்க்ரீன் மாட்டணும், எது நல்லா இருக்கும்?" என்று கேட்டார். அவரிடம் மதிய உணவு நேரத்தில் சொல்ல ஆரம்பித்தது முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். ஓடும் வண்டியில் தலைக்கு மேலே படம் பார்ப்பது என் வயதுத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் கலர் ஒளிபரப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே வளைகுடா போய் வந்தவர்களின் பெட்டிகளில் விசிஆர் வந்தது. தெருவில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். அந்த டெக் அப்படியே பஸ்ஸிலும் ஏறியது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'வீடியோ கோச்' என்று எழுதியிருக்கும். டிரைவர் தடுப்புக்குப் பின்னால், உச்சியில், ஒரு மரப்பெட்டிக்குள் பிக்சர் டியூப் டிவி. கிளீனர் அண்ணன் கேசட்டை மாற்றுவார். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கதாநாயகி முகத்தில் நாலு வெள்ளைக்கோடு ஓடும். சுற்றும் தலை நாடாவைத் தொட்டுப் படிக்கிற கருவியைக் குலுக்கினால் வேறென்ன ஆகும்!

சட்டத்துக்கு இது பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் 1984-லேயே, விசிஆர் வழியாக டிவி திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு மத்திய அரசு காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, படக் கேசட்டின் மேல் தணிக்கைச் சான்றிதழின் நகலும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்கவேண்டும் என்றது. டெக்கும் டிவியும் சேர்ந்தால் அது 'சினிமாட்டோகிராஃப்' தானா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், 1993-இல் லட்சுமி வீடியோ தியேட்டர்ஸ் வழக்கில் 'ஆம், அதுதான்' என்று தீர்ப்பானது. அது ஹரியானா வீடியோ பார்லர்கள் போட்ட வழக்கு. பஸ்ஸில் ஓடிய கேசட்டுகளில் எத்தனைக்கு முறையான உரிமை இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். நாமும் அன்றைக்குக் கேட்கவில்லை.

அந்த பஸ்ஸில் எனக்கு மறக்காத ஆள் டிரைவர்தான். படம் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. சத்தம் மட்டும் அவருக்கு. பயணிகள் சிரிக்குமுன்பே அவர் சிரிப்பார். ஒரு படத்தை நூறு தடவை கேட்டு, ஒரு தடவைகூடப் பார்க்காத மனிதர்.

இப்போது கடல் தாண்டுவோம். கார்க் கூரைத் திரை பிறந்த ஊர் அமெரிக்கா. அங்கே பெரிய வேன்களை வாங்கி, உள்ளே சோபாவும் டிவியும் வைத்து மாற்றி விற்கும் தொழில் 1980-களிலேயே உண்டு. கார் கம்பெனியே அதைச் செய்தது 1999 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் சில்லவுட் மினிவேனின் பிரீமியர் வகையில். கூரையிலிருந்து மடித்து இறக்கும் சின்ன எல்சிடி திரை, கீழே விஎச்எஸ் கேசட் போடும் கருவி. (அந்த ஓல்ட்ஸ்மொபைல் பிராண்டையே 2004-இல் மூடிவிட்டார்கள், பாவம்.) பிறகு கேசட் போய் டிவிடி வந்தது. 2002 ஹோண்டா ஒடிசி போன்ற குடும்ப வண்டிகளில் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் வசதியாக அது நிலைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அமெரிக்கக் கருவியோடு ஹெட்ஃபோனும் வரும். பின்னால் பிள்ளைகள் காதில் படம், முன்னால் அப்பா அம்மா காதில் ரேடியோ. பின்சீட்டை அமைதியாக்குவதற்கென்றே செய்த பொருள் அது. அந்த நாட்டில் வணிக வாகனங்களுக்கான பாதுகாப்பு விதிகளில் 393.88 என்று ஒன்று உண்டு. டிவி திரை டிரைவர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கவேண்டும், ஓட்டும்போது அவர் கண்ணில் படக்கூடாது என்கிறது அது. நம்ம வீடியோ கோச்சில் விதி எதையும் படிக்காமலே திரையைச் சரியான இடத்தில்தான் வைத்திருந்தோம். காது விஷயத்தில்தான் நாம் வேறு வழி.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2013-இல் நான் ஒரு பழைய இன்னோவா வாங்கினேன். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. பெல்காம் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். கடையில் மூன்று வழி சொன்னார்கள்: தலைசாய்ப்பானில் ஏழு அங்குலம் இரண்டு, கூரையில் பத்து அங்குலம் ஒன்று, இல்லையென்றால் கூரையில் பதினைந்து அங்குலம். தலைசாய்ப்பான் வேண்டாம் என்று தங்கமணி உடனே சொல்லிவிட்டார். சடன் பிரேக் அடித்தால் பிள்ளையின் முகம் போய் மோதுகிற இடம் அதுதான். பதினைந்து அங்குலத்தைக் கடையில் ஒரு வண்டியில் இறக்கிக் காட்டினார்கள். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து உள்கண்ணாடியைப் பார்த்தால் பின்கண்ணாடி முழுக்கத் திரையின் முதுகு! பின்னால் வரும் லாரியே தெரியாது. பத்து அங்குலத்தில் முக்கால்வாசி தெரிந்தது. வாங்குகிறவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து படம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். முதலில் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கால எல்சிடியில் இன்னொரு வம்பு, கீழிருந்தோ மேலிருந்தோ பார்த்தால் நிறம் மாறி நெகட்டிவ் மாதிரி தெரியும். அதனால் கீல் எந்தக் கோணத்திலும் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்து எடுத்தேன். மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பதைவிட நிமிர்ந்து பார்த்தால் வாந்தி குறைவு என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

மாட்டுவதில்தான் மாட்டிக்கொண்டேன். கூரையில் நாம் காண்பது வெறும் துணி ஒட்டிய அட்டை. அது ஒன்றும் தாங்காது. அதற்கு மேலே குறுக்கே போகும் இரும்புப் பட்டியைத் தேடி, பிராக்கெட் வைத்து முடுக்கவேண்டும். ஸ்க்ரூ நீளம் கூடினால் வெளிக்கூரைத் தகட்டில் கொப்புளம் கிளம்பும். இதையெல்லாம் கடைப் பையன் ஒழுங்காகத்தான் செய்தான். கரண்டுக்கு மட்டும், பக்கத்தில் இருக்கிறதே என்று, உள்விளக்கு ஒயரில் முடிச்சுப் போட்டுவிட்டான். நான் பி.காம்., எனக்கு என்ன தெரியும்? கோலாப்பூர் தாண்டி இருட்டில் படமும் போச்சு, உள்விளக்கும் போச்சு. ஃபியூஸ் காலி. வழியில் ஒரு எலக்ட்ரீஷியன் சிரித்துக்கொண்டே, "சாஹேப், லைட்டுக்கு வந்த ஒயர்ல டிவி ஓடுமா?" என்றார். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனிலிருந்து, தனி ஃபியூஸ் வைத்துப் புது ஒயர் இழுத்துக் கொடுத்தார். இப்போதைய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் உயர்ந்த வகையில் பக்கத் திரை ஏர்பேக் உண்டு. அது கூரை ஓரத்தில்தான் மடிந்து கிடக்கும். அதன் மேலே ஒயர் இழுத்தால் விபத்தில் எப்படி விரியும்?

சத்தத்துக்குக் கடைக்காரர் ஹெட்ஃபோன் காட்டினார். நான் வாங்கவில்லை, கஞ்சத்தனம்தான் காரணம். படத்தின் சத்தத்தைக் கார் ஸ்பீக்கரிலேயே விட்டேன். வண்டி வீடியோ கோச் ஆகிவிட்டது, நான் அந்த டிரைவர் ஆகிவிட்டேன்.

இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் பதில் இந்தியில் வரும். அந்த 1,400 கிலோமீட்டரில் வேறு வழியில்லாமல் தமிழ்ப் படம். "அப்பா, 'கொக்கமக்கா'ன்னா என்ன?" என்று பின்னாலிருந்து கேள்வி வரும். நான் ஸ்டியரிங்கிலிருந்து விளக்குவேன், தங்கமணி திருத்துவார், மூன்றாம் வரிசையிலிருந்து என் அம்மா எங்கள் இரண்டு பேரையும் திருத்துவார். மகள் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டது அந்த வண்டியில்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த ஒரு வருடத்தில் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஒயர். கூரைத் திரையை யாரும் இறக்கவில்லை. அமெரிக்கக்காரன் 1999-இல் விரும்பிய அமைதி எங்கள் பின்சீட்டிலும் வந்துவிட்டது. 2019-இல் வண்டியை விற்றபோது வாங்கியவர் திரைக்குத் தனியாக ஒரு பைசா தரவில்லை. கணக்கில் எப்போதோ எழுதித் தள்ளியிருக்க வேண்டிய சொத்து. கடைக்குட்டிக்கு அப்போது பத்து வயது. தமிழ் புரியும், பேச வராது. அக்காவுக்கு வருகிறது. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா.

தம்பியிடம் சொன்னது இதுதான்: பத்து அங்குலம் போதும், யுஎஸ்பி போடும் வசதி இருந்தால் சரி, தனி ஃபியூஸ் வைக்கச் சொல்லுங்கள், ஹெட்ஃபோன் கொடுத்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். "அப்போ நான் எப்படி சார் நிம்மதியா ஓட்டுறது?" என்றார்.

சென்ற மாதம் வீட்டில் ஒரு பழைய நகைச்சுவைப் படத்தை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு வசனமும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. நடித்தது யார் என்றுதான் பல இடத்தில் தெரியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள், தமிழில்.