பாறைச் சுவடும் தேனடையும்



வட மாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கும் இவ்வனுபவம் இருக்கும். இந்தியில் ‘உபன்யாஸ்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் கோயில் மண்டபத்துச் சமயப் பேருரையை நினைக்கிறோம். சொன்னவரோ நாவலைக் குறிப்பிடுகிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய சொற்கள் நாள்தோறும் ஓர் எச்சரிக்கை: வடிவம் ஒத்திருப்பதனால் மட்டும் பொருள் ஒத்துவிடாது. தொல்லுயிர் ஆய்வாளர்களும் இவ்வுண்மையை நெடுங்காலம் முயன்றே கற்றனர்.

1946ஆம் ஆண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாக்காரா குன்றுகளில் பழைய சுரங்கங்களைப் பார்வையிடச் சென்ற ரெஜ் ஸ்பிரிக் என்னும் நிலவியலார், மணற்கல்லில் பதிந்த விந்தையான உருவங்களைக் கண்டார். அவற்றுள் ஒன்று நீள்வட்டமானது. நடுவே ஒரு கோடு, அதன் இருபுறமும் வரிவரியான மடிப்புகள். வாயோ, கண்ணோ, காலோ புலப்படவில்லை. சுரங்கத்துறை இயக்குநராயிருந்த டிக்கின்சன் நினைவாக 1947இல் அதற்கு ‘டிக்கின்சோனியா’ எனப் பெயரிட்டார். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த உயிர் அது. சில ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டவை; கனமோ மிகச் சிறிது.

பெயர் கிடைத்தது, இனம் கிடைக்கவில்லை. இழுதுமீனின் உறவு என்றார் ஸ்பிரிக். வரிகளைக் கண்ட மார்ட்டின் கிளேஸ்னர் வளையப் புழுவோடு ஒப்பிட்டார். இது விலங்கே அன்று, அழிந்துபோன தனியோர் உயிர்க்குலம் என 1980களில் செருமானியப் பேராசிரியர் சைலாக்கர் வாதிட்டார். 1994இல் ரெட்டலாக் என்பவர், காளானும் பாசியும் இணைந்து வாழும் லைக்கனாக இருக்கலாம் என்றார். இவர்கள் பெரும்பாலும் வடிவத்தையே சான்றாகக் கொண்டனர் என்பதை நேயர்கள் நோக்குதல் வேண்டும்.

2018இல் வேறு வகைச் சான்று கிட்டியது. உருசியாவின் வெண்கடற்கரைப் பாறைகளிலிருந்து எடுத்த டிக்கின்சோனியாவின் மென்படலத்தில், போப்ரோவ்ஸ்கி என்னும் இளைஞரும் அவர்தம் குழுவினரும் கொலஸ்டிராலின் எச்சத்தை மிகுதியாகக் கண்டனர். அது விலங்குகளுக்குரிய கொழுப்புப் பொருள். சுற்றியிருந்த பாறையிலோ பெரும்பாலும் பச்சைப் பாசிக்குரிய எச்சமே இருந்தது. ஆகவே டிக்கின்சோனியா விலங்கே என்ற கருத்து வலுப்பெற்றது. விலங்குலகில் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பது மட்டும் இன்றும் முடிவாகவில்லை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். போபாலுக்கு அண்மையிலுள்ள பீம்பேட்கா குகைகளை, அவற்றின் பழைய ஓவியங்களுக்காக நேயர்களிற் சிலர் கண்டிருக்கக்கூடும். 2020இல் அங்கு வந்த ரெட்டலாக் குழுவினர், ஒரு குகையின் மேற்பாறையில் டிக்கின்சோனியாவைக் கண்டதாக அறிவித்தனர். உலகெங்கும் செய்தி பரவியது. அது மெய்யாயின், நெடுநாள் வழக்காக இருந்துவரும் விந்தியப் பாறைகளின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் என முடிவாகிவிடும். அப்பாறைகள் 100 கோடி ஆண்டுப் பழமையுடையவை என்று கருதியவர்களின் கூற்று வீழ்ந்துவிடும்.

அத்தகையோருள் ஒருவரான ஜோசப் மீர்ட் தம் குழுவினருடன் நேரில் சென்று பார்த்தார். அதற்குள் அச்சுவடு சிதைந்து, பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த கல் சில ஆண்டுகளில் உரியுமோ? அருகே மலைத்தேனீக்களின் கூடுகள் தொங்கின. சுவட்டினுள்ளும் தேனடையின் அறைகள் தெரிந்தன. அது பாறையில் ஒட்டிய பழைய தேனடையே என 2023இல் அவர்கள் எழுதினர்.

ரெட்டலாக் தம் பிழையை ஒப்புக்கொண்டார். இவ்வரலாற்றில் யான் மிகவும் மதிப்பது இச்செயலையே. அவரைத் திருத்தியது மற்றொருவரின் புகழன்று. மீண்டும் ஒருமுறை சென்று பார்த்த கண்களே. பிறமொழிச் சொல்லாயினும் பாறைச் சுவடாயினும், பழகிய முகம் போலத் தோன்றும்போதுதான் நாம் இருமுறை பார்த்தல் வேண்டும்.