குடுமியான்மலைப் பாறையும் சரளி வரிசையும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்குப் போகிறவர்கள் தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறை முகத்தில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி பரப்பில், 38 வரிகள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாமே சுர எழுத்துகள். காலம் சுமார் 7ஆம் நூற்றாண்டு. உருத்திராசாரியரின் மாணவனான ஒரு சிவபக்த அரசன் மாணாக்கர் நன்மைக்காகச் செய்தது என்று முடிவில் ஒரு குறிப்பு உண்டு. அந்த அரசன் பல்லவன் மகேந்திரவர்மன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கல்லில் பெயர் இல்லை.

மாணாக்கருக்கு என்று கல்லே சொல்வதால், இன்று புதுக்கோட்டையில் பாட்டு கிளாஸுக்குப் போகும் பிள்ளை முதலில் பாடுகிற சரளி வரிசையோடு அதை ஒப்பிடலாம். சரளி வரிசையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு.

இரண்டிலும் பாட்டே கிடையாது, சுரம் மட்டும்தான். இரண்டும் சுரங்களைக் கூறுபோட்டுத் திரும்பத் திரும்ப வரச் செய்கின்றன. கல்வெட்டில் ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். ஒவ்வொரு வரியிலும் நான்கு நான்கு சுரமாகப் பதினாறு கூறுகள். ஒரு வரியின் கூறுகள் எல்லாம் ஒரே சுரத்தில் வந்து நிற்கும். எங்கிருந்து கிளம்பினாலும் இங்கே வந்து சேர் என்கிற பயிற்சி இது. சரளிக்குப் பிறகு வரும் அலங்காரப் பயிற்சியைப் பாடியவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும்.

இதற்கு மேல் ஒற்றுமை தேடுவது வீண். சரளி வரிசை ஒரே ராகத்தில், மாயாமாளவகௌளையில், நிற்கிறது. ச–ரி, க–ம, ப–த, நி–ச என்று நெருங்கிய இடைவெளிகள் நான்கு. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே அச்சு. கீழே ஒருமுறை பழகிய தொண்டை மேலே அதையே செய்தால் போதும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைக் கை போடும். அதே வரிசை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஓடும். கல்லோ ஏழு பண்களையும் ஒரேயடியாக எதிரே வைக்கிறது. காலக் குறிப்பும் தெளிவாக இல்லை. அதன் தலைப்பில் வருகிற சொல் நரம்பை மீட்டுவதைச் சுட்டுவதால், யாழுக்கோ வீணைக்கோ உரிய பாடம் என்று கொள்வோர் உண்டு. எப்படியானாலும் சுரம் பிடிபட்டு, பண்ணுக்குள் கால் வைத்துவிட்ட மாணவனுக்கே அது உதவியிருக்கும். முதல் நாள் வந்து உட்கார்கிற பிள்ளையை அந்தப் பாறை முன் நிறுத்தினால் மிரண்டுவிடும்.

எழுத்து என்று வந்தால் கல்லின் கை ஓங்குகிறது. ர, ரி, ரு, ரெ என்று உயிரொலியை மாற்றி மாற்றி, ஒரே சுரத்துக்குள் நுண்ணிய வேறுபாடுகளை அது குறிக்கிறது. ராகங்களை வகைப்படுத்தும் மேளகர்த்தா முறையிலும் ர, ரி, ரு என்று இதே உத்தி, பல நூற்றாண்டுகள் கழித்து, வேறு கணக்கில் வருகிறது. சரளி நோட்டிலோ வெறும் 'ரி'தான். சட்ஜத்தை ஒட்டி நிற்கும் ரிஷபம் எவ்வளவு உயரம் என்று நோட்டு சொல்லாது. பிள்ளை கொஞ்சம் ஏற்றிப் பாடினால் வாத்தியார் நிறுத்தி, சுருதிப்பெட்டியைக் கேட்கச் சொல்லி, தானே ஒருமுறை பாடிக் காட்டுவார். நோட்டைக் கிழித்துப் போட்டாலும் பாடம் நடக்கும் என்பது அதனால்தான்.

கல்லுக்கு அந்த வசதி இல்லை. பி. ஆர். பண்டார்கர் எபிகிராஃபியா இண்டிகா 12ஆம் தொகுதியில் அதைப் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஒவ்வோர் எழுத்தையும் வாசித்துவிட்டார்கள். ஆனாலும் சில சுரங்களின் தலையில் இருக்கும் புள்ளிகள் எதற்கு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உருத்திராசாரியரின் வகுப்பில் இருந்த ஒரு சிறுவனுக்கு அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.